கியரா? ஆட்டோமேட்டிக்கா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போன அண்ணன்-தம்பிக்கு மெக்கானிக் சொன்ன ரகசியம்!

சென்னை,

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசையில், சீட்டு எடுத்த பணம் 8 லட்ச ரூபாயோடு புறப்பட்டார்கள் ஒரு அண்ணனும் தம்பியும். "கியர் போட்டு ஓட்டுற கார்தான் வேணும்" என்றார் தம்பி. "கியரே வேண்டாம், ஆட்டோமேட்டிக்தான்" என்றார் அண்ணன். இதனால் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை!

கடைசியில் தகராறைத் தீர்த்து வைத்தவர், ஓட்டேரி பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் 64 வயது மெக்கானிக். அவர் இல்லாவிட்டால் சீட்டுப் பணம் முழுவதும் தண்ணீரில் போயிருக்கும். இது வெறும் பேச்சுக்குச் சொல்வது அல்ல. உண்மையாகவே தண்ணீரில்தான்!

பழைய கார் வாங்க நினைக்கும் எல்லோரும் தெரிந்து கொள்ளவேண்டிய அந்த விவரம் வருமாறு:-

ஒரு கார், இரண்டு ஆசை

அண்ணனுக்கு வயது 46. புரசைவாக்கத்தில் பாத்திரக்கடை நடத்துகிறார். சரக்கு எடுக்க, பாங்கிக்குப் போக என்று தினமும் பாரிமுனைக்குப் போய் வருகிறவர். இடது முழங்காலில் வலி உண்டு.

தம்பிக்கு வயது 29. தனியார் கம்பெனியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்கு கடற்கரை சாலையில் மாமல்லபுரம் வரை கார் ஓட்டவேண்டும் என்பது அவருடைய பத்து வருஷக் கனவு.

இரண்டே சீட் உள்ள அசல் ஸ்போர்ட்ஸ் கார் இவர்கள் கைக்கு எட்டாது. எட்டினாலும் குடும்பத்தோடு கோவிலுக்குப் போக முடியாது. ஆகவே சின்ன உடம்பும் சீறுகிற இஞ்சினும் உள்ள கார் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் போலோ ஜி.டி.

ஜெர்மனியின் போக்ஸ்வாகன் கம்பெனி, புனே அருகே சாக்கனில் தயாரித்த கார் இது. 2010-ல் போலோ இந்திய ரோட்டுக்கு வந்தது. 2022-ல் இங்கே விற்பனை நின்றது. இன்று வேண்டுமானால் பழைய கார்தான் வாங்கவேண்டும்.

காரைப் பற்றி அண்ணன்-தம்பிக்குள் கருத்து வேற்றுமை இல்லை. கியரில்தான் தகராறு!

ஒரே காரில் இத்தனை கியர்பாக்சா?

2013-ல் வந்த ஜி.டி. பெட்ரோல் காருக்கு 1.2 லிட்டர் டர்போ இஞ்சின், 105 குதிரை சக்தி. கியர்பாக்ஸ் 7 கியர் ஆட்டோமேட்டிக் மட்டுமே. அதற்கு டி.எஸ்.ஜி. என்று பெயர். அதே வருஷம் வந்த ஜி.டி. டீசல் காரில் 5 கியர் மேனுவல்.

2020-ல் இஞ்சினும் மாறியது, கியர்பாக்சும் மாறியது. 1 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சின், 110 குதிரை சக்தி. இதில் 6 கியர் மேனுவலும் கிடைத்தது. 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் கிடைத்தது. ஆட்டோமேட்டிக்குக்குத்தான் ஜி.டி. என்ற பெயர். ஆனால் இது பழைய டி.எஸ்.ஜி. அல்ல, வேறு வகை.

ஆக, வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கார். உள்ளே இருக்கும் பெட்டி வேறு வேறு. புரோக்கர் "ஆட்டோமேட்டிக் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். எந்த ஆட்டோமேட்டிக் என்று கேட்பது நம் பொறுப்பு.

சோழவரத்து கை

சகோதரர்கள் இருவரும் மெக்கானிக்கைத் தேடிப் போனார்கள். சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் கார் ரேஸ் நடந்த காலத்தில், பையனாக ஸ்பேனர் பிடித்தவர் அவர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் மைதானம் வந்தபிறகு அங்கேயும் வேலை பார்த்தவர்.

"பாய், நீங்களே சொல்லுங்க. கியர் குச்சி இல்லாத காரெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா? ரேஸ் கார்ல கியர் இல்லையா?" என்று தம்பி ஆரம்பித்தார்.

பெரியவர் சிரித்தார். "ரேஸ் கார்ல கியர் இருக்கு தம்பி. குச்சிதான் இல்ல. போன வருஷம் இல்ல, அது போயி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 1989-ல் பிரேசில் நாட்டில் நடந்த பார்முலா 1 ரேசில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்றும் பெராரி காரை ஓட்டி, நைஜல் மான்சல் முதல் பரிசு பெற்றார். அந்தக் காருக்கு அதுதான் முதல் ரேஸ். அதற்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கே வந்தன. 1997-ல் ரோட்டில் ஓட்டும் பெராரி 355-லும் அது வந்துவிட்டது.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் நம் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கு வெளிச்சத்தில் நடந்ததே பார்முலா 4 ரேஸ், அந்தக் கார்களிலும் விரல் தட்டிக் கியர்தான்.

"வேகம்தான் வேணும்னா மெஷின் மாத்துற கியரை மனுஷன் கை ஜெயிக்க முடியாது. அந்தப் பேச்சை விட்டுரு" என்றார் பெரியவர்.

அண்ணன் முகத்தில் வெற்றிச் சிரிப்பு!

ஆனாலும் குச்சிக்கு மவுசு

"அவசரப்படாதீங்க முதலாளி" என்று பெரியவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

போர்ஷ் கம்பெனி 2013-ல் தன்னுடைய 911 ஜி.டி.3 காரை ஆட்டோமேட்டிக்கில் மட்டும் விட்டது. வேகம் குறையவில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 2016-ல் 911 ஆர் என்ற காரை மேனுவலில் மட்டும் 991 வண்டி தயாரித்தது. அதற்கு அடிபிடி! 2017-ல் ஜி.டி.3 காருக்கும் கியர் குச்சி திரும்பி வந்தது.

2006-ல் வந்த பெராரி 599 காரில் மேனுவல் கியர் வைத்தவை சுமார் 30 மட்டுமே. இன்று அவற்றின் விலை, அதே காரின் மற்ற வகையைவிட பல மடங்கு.

வேகத்துக்காக யாரும் அந்த விலை கொடுப்பதில்லை. கையும் காலும் சேர்ந்து வண்டியை ஓட்டும் சுகத்துக்காகத்தான் கொடுக்கிறார்கள். தம்பி கேட்டதும் அந்த சுகம்தான். ஆசையில் தப்பில்லை.

"சரி பாய், அப்போ எதைத்தான் வாங்குறது?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"அதை நான் சொல்ல மாட்டேன். அண்ணனோட முழங்கால் ஒரு பதில் சொல்லும். உங்க சட்டைப் பை ஒரு பதில் சொல்லும். வாங்க" என்று கிளம்பினார் பெரியவர்.

140 தடவை!

முதலில் அண்ணா நகரில் ஒரு மேனுவல் கார். 2021-ல் வாங்கியது. ஒரே உரிமையாளர்.

பெரியவர் மூன்றாவது கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டே திடீரென்று ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினார். இஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கார் சத்தத்தோடு சேர்ந்து பாய்ந்தது.

மூன்றில் இருந்து இரண்டுக்கு கியரை இறக்கினார். கரகரப்பு இல்லை. கரகரத்தால் கியர்பாக்சுக்குள் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். காலை எடுத்ததும் கியர் தானாக வெளியே குதிக்கவும் இல்லை. "நல்ல வண்டி" என்றார்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே அட்வான்ஸ் கொடுக்கப் போனார்.

பெரியவர் தடுத்தார். சாயந்திரம் 6 மணிக்கு காரை அண்ணன் கையில் கொடுக்கச் சொன்னார். "முதலாளி, புரசைவாக்கத்துல இருந்து பாரிமுனை வரைக்கும் ஓட்டுங்க. எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறீங்கன்னு தம்பி எண்ணட்டும்" என்றார்.

சென்ட்ரல் வருவதற்குள் எண்ணிக்கை 140-ஐத் தாண்டியது. அதற்கு மேல் தம்பி எண்ணவில்லை. அண்ணன் சிக்னலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம்ணே. ஞாயிறு ஒருநாள் எனக்கு. ஆறு நாள் உங்களுக்கு" என்று தம்பியே சொல்லிவிட்டார்.

அண்ணனின் முழங்கால் தன் பதிலைச் சொல்லிவிட்டது. அடுத்தது சட்டைப் பை!

மலிவு விலை மர்மம்

இரண்டாவது கார், 2015-ல் வந்த டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். பளபளவென்று பாலிஷ் போட்டு நின்றது. புரோக்கர் கேட்ட விலையோ மார்க்கெட் விலையைவிட ரொம்பக் குறைவு. "மீதிப் பணத்துல வீட்டுக்கு ஏ.சி.யும் போட்டுடலாம்" என்று அண்ணன் கணக்குப் போட்டார்.

பெரியவர் நேராகப் போய் பானெட்டில் கை வைத்தார். சூடாக இருந்தது.

"காலைலயே ஓட்டியாச்சா?"

"சும்மா ஒரு ரவுண்டு சார்" என்றார் புரோக்கர்.

கியர்பாக்ஸ் கோளாறுகளில் சில வண்டி சூடேறும்வரை மட்டும் தெரியும். சில, அரைமணி நேரம் டிராபிக்கில் வெந்தபிறகுதான் தெரியும். ஆகவே குளிர்ந்த வண்டியை நாமே ஸ்டார்ட் செய்து, அரைமணி நேரமாவது ஓட்டவேண்டும். பெரியவர் இரண்டு மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, பிறகு ஓட்டினார்.

பிரேக்கில் இருந்து காலை எடுத்து, வண்டியைத் தானாக ஊரவிட்டார். ஒன்றாம் கியரில் இருந்து இரண்டுக்குப் போகும்போது கார் கடகடவென்று நடுங்கியது. ரிவர்சில் போட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

பந்தி பரிமாறும் கதை

டி.எஸ்.ஜி. எப்படி வேலை செய்கிறது என்று பெரியவர் விளக்கியதாவது:-

"கல்யாணப் பந்தியில ரெண்டு பேர் பரிமாறுறாங்க. ஒருத்தர் சோறு வைக்கும்போதே இன்னொருத்தர் சாம்பார் வாளியோட ரெடியா நிப்பார். அது மாதிரி இதுக்குள்ள ரெண்டு கிளட்ச். 1, 3, 5, 7 ஒண்ணுகிட்ட. 2, 4, 6 இன்னொண்ணுகிட்ட. அடுத்த கியர் முன்கூட்டியே ரெடி. அதனாலதான் கண் சிமிட்டுற நேரத்துல மாறுது.

இந்த வண்டியில அந்த ரெண்டும் எண்ணெயில முழுகாத உலர்ந்த கிளட்ச். நம்ம ஊரு டிராபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போனா சூடேறித் தேயும். இன்னொண்ணு, கியரை மாத்துற மூளையும் அதோட எண்ணெய் பம்பும் ஒரே பெட்டியில இருக்கு. அந்தப் பெட்டி போச்சுன்னா பில்லு லட்ச ரூபாயைத் தாண்டும்."

இந்த 7 கியர் டி.எஸ்.ஜி. உலகம் முழுவதும் பேசப்பட்ட விஷயம். 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3 லட்சத்து 84 ஆயிரம் கார்களை போக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. அதே வருஷம் நவம்பரில், வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் மின் கோளாறு வரலாம் என்று, பல நாடுகளில் 16 லட்சம் கார்களுக்கு கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது.

அதற்காக எல்லா டி.எஸ்.ஜி. காரும் மோசம் என்று சொல்லக்கூடாது. ஒழுங்காகப் பராமரித்து, சர்வீஸ் ரசீது எல்லாம் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ரசீது இல்லாத மலிவு காரில்தான் வம்பு.

பெல்ட்டுக்கு பொய் தெரியாது!

பெரியவர் அதோடு விடவில்லை. சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத பகுதியில் சேற்றுக் கறை! டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். அடியில் வண்டல் மண். சீட்டுக்கு அடியில் இரும்புத் தண்டு துருப்பிடித்திருந்தது.

"வெள்ளத்துல நின்ன வண்டியா?"

"ஐயோ, அந்த ஏரியாவுக்கே தண்ணி வரல சார்!"

"நீ சொல்லலாம்ப்பா. பெல்ட்டுக்கு பொய் சொல்லத் தெரியாது" என்றார் பெரியவர்.

இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பார்த்தார்கள். கிளைம் எதுவும் வாங்காத காருக்கு வருஷா வருஷம் ஏறும் 'நோ கிளைம் போனஸ்' என்ற தள்ளுபடி, 50 சதவீதம் வரை போகும். இந்த பாலிசியில் பூஜ்யம். அதாவது சமீபத்தில் ஏதோ கிளைம் வாங்கியிருக்கலாம். புரோக்கர் செல்போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தவர் திரும்பி வரவே இல்லை!

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கிக் கிடந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றில் பல, துடைத்து பாலிஷ் போட்டு மறுபடி விலைக்கு வந்தவை.

மேனுவல் கியர்பாக்சில் தண்ணீர் போனால், உடனே கவனித்து எண்ணெயை மாற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் அப்படி அல்ல. கம்ப்யூட்டர், வால்வு, கிளட்ச் எல்லாமே உள்ளே. பல ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் சிவப்பாக இருக்கும். தண்ணீர் கலந்தால் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறிவிடும். "ரோஸ்மில்க் பார்த்தா கும்பிட்டுட்டு வந்துடணும்" என்பது பெரியவரின் அறிவுரை.

சில்லறையா? மொத்தமா?

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து பெரியவர் சொன்னதுதான் முக்கியமான ரகசியம்.

"மேனுவல் வண்டி, சொல்லிட்டு கெடும். கிளட்ச் கனக்கும், வாசனை வரும், கியர் கரகரக்கும். பிளேட், பேரிங்னு ஒவ்வொண்ணா மாத்தலாம். சில்லறைச் செலவு. பாட்டரி இறங்கினாகூட தெருவுல நாலு பேர் தள்ளினா ஸ்டார்ட் ஆகும்.

ஆட்டோமேட்டிக் தினமும் சுகம் கொடுக்கும். கெட்டா மொத்தமா கேட்கும். தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. கயிறு கட்டி இழுத்துட்டு போகக்கூடாது, லாரியில ஏத்தித்தான் கொண்டு போகணும்.

அதனால பழைய வண்டி வாங்கும்போது ஒரே கணக்குதான். கார் விலை போக லட்ச ரூபாய் தனியா எடுத்து வைக்க முடியுமா? முடிஞ்சா ஆட்டோமேட்டிக் வாங்கு. இருக்கிற காசு பூரா காருக்கே போயிடும்னா மேனுவல் வாங்கு. கடைசி ரூபாயைக் கொடுத்து பழைய ஆட்டோமேட்டிக் வாங்குறவன், சீட்டாட்டம் ஆடுறான்."

இரண்டு மின்விசிறி

இரண்டு மாதம் பொறுத்திருந்தார்கள். 2020-ல் வாங்கிய ஒரு ஜி.டி. கார், நங்கநல்லூரில் விலைக்கு வந்தது. கிலோமீட்டர் கொஞ்சம் அதிகம் ஓடியிருந்தது. ஆனால் முதல் சர்வீசில் இருந்து எல்லா ரசீதும் கோப்பில் வரிசையாக இருந்தன. இன்சூரன்சில் கிளைம் இல்லை.

இதில் இருப்பது டார்க் கன்வர்ட்டர் என்ற வகை. எதிரெதிரே இரண்டு மின்விசிறி வைத்து ஒன்றைப் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். கிளம்பும்போது உரசித் தேய்கிற கிளட்ச் இல்லை என்பதால் ஊர்ந்து போகும் டிராபிக்குக்கு ஏற்றது. டி.எஸ்.ஜி. அளவுக்கு சுறுசுறுப்பு இல்லை என்று தம்பிக்கு ஒரு சின்ன வருத்தம்.

பெரியவர் காலை 7 மணிக்கே போய், குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஊரவிட்டார், மேம்பாலம் ஏற்றினார், டிராபிக்கில் 40 நிமிஷம் ஓட்டினார். நடுக்கம் இல்லை. கியர் மாறும்போது உதை இல்லை. ஸ்கேனர் வைத்துப் பார்த்தார். கோளாறு எதுவும் பதிவாகவில்லை.

விலை பேசி முடித்தபோது 8 லட்சத்தில் ஒரு லட்சம் மிச்சம் இருந்தது. அண்ணன் அதை மறுநாளே பாங்கியில் டெபாசிட் போட்டுவிட்டார். ரசீதின் பின்பக்கம் பென்சிலால் 'கியர்பாக்ஸ்' என்று எழுதி வைத்திருக்கிறார்.

இடது கால் ஜாக்கிரதை

சாவி கொடுக்கும்போது பெரியவர் ஒரு எச்சரிக்கை சொன்னார். மேனுவல் ஓட்டிப் பழகியவர்கள் ஆட்டோமேட்டிக்கில் உட்கார்ந்ததும், பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுவார்கள். வண்டி நடுரோட்டில் குத்திட்டு நிற்கும். பின்னால் வருபவர் மோதுவார். பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டுக்கும் வலது கால் மட்டும்தான். இடது கால் ஓரமாக ஓய்வெடுக்கவேண்டும். முதல் சில நாள் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுவது நல்லது.

அண்ணன் இப்போது வலி இல்லாமல் பாரிமுனை போய் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு சாவி தம்பி கைக்கு வந்துவிடும். நீலாங்கரை தாண்டியதும், கியர் லீவரைப் பக்கத்தில் தள்ளி, தானே கியரை ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்க்கிறார்.

"எப்படிடா இருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"வண்டி நல்லா இருக்குண்ணே. இந்த இடது கால்தான் இன்னும் கிளட்சைத் தேடிக்கிட்டே இருக்கு" என்றார் தம்பி.